மொரிஸ் மைனரில் பின் அக்சில் போனால்: கண்டுபிடிப்பதும் திருத்துவதும்

நீர்வேலியிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு விடியற்காலை. கோப்பாய் தாண்டியதும் குறுக்கே வந்த சைக்கிளுக்காக நிறுத்தினேன். திரும்ப முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டதும் 'டொக்' என்று ஒரு சத்தம், அதுவும் பெரிதாக இல்லை. எஞ்சின் ஓடுகிறது. நடு டாஷ்போர்டில் இருக்கிற அந்தப் பெரிய ஸ்பீடோமீற்றரின் முள்ளும் மெல்ல ஏறுகிறது. வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பின் சீற்றில் குலைகளுக்கு நடுவே ஒடுங்கி இருந்த சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னடா, மீற்றர் ஓடுது, கார் ஓடேல்லையே?"

பின் அச்சுக் கோளாறை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. ஸ்பீடோமீற்றர் கேபிள் கியர்பெட்டியின் வால் பக்கத்திலிருந்து வருகிறது. கியரில் போட்டுக் கிளச்சை விட்டதும் முள் ஏறினால் எஞ்சின், கிளச், கியர்பெட்டி மூன்றும் தங்கள் வேலையைச் செய்கின்றன என்று அர்த்தம். கோளாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. முள் அசையவே இல்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது, கிளச்சைப் பாருங்கள்.

அன்றைக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் விட்ட கராஜில் கீழே குனிந்துகூடப் பார்க்காமல், "டிஃபரென்ஷியல் முடிஞ்சுது, முழு அச்சும் மாத்தவேணும்" என்றார்கள். பின் இரு சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற பல்சில்லுக் கூட்டம்தான் டிஃபரென்ஷியல். கேட்ட தொகைக்கு இன்னொரு மைனரில் பாதி வாங்கலாம். உண்மையில் உடைந்திருந்தது ஒரேயொரு கம்பி, டிஃபரென்ஷியலிலிருந்து சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் அக்சில் ஷாஃப்ட். அதை வெளியே எடுக்கக் கால் மணித்தியாலம் போதும். ஆகவே முதலில் சொல்லிவிடுகிறேன்: அக்சில் ஷாஃப்ட் இரண்டையும் உருவிப் பார்க்காமல் டிஃபரென்ஷியலில் கை வைக்க யாரையும் விடாதீர்கள்.

எந்த வண்டி, எந்த அச்சு

மொரிஸ் மைனர் 1948இல் வந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த கார். 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். இலங்கையில் இன்றைக்கும் தெருவில் ஓடுகிற பழைய கார்களில் முதல் இடம் இதற்குத்தான் என்பேன், ஒஸ்ரின்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை. எங்களுடையது 1959ஆம் ஆண்டு மைனர் 1000, 948 சிசி எஞ்சின், அப்பா வாங்கியது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தின் மற்றப் பழைய கார்களைப் போல இதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. அப்படி ஓடுகிற எஞ்சின் திக்கித் திக்கி இழுக்கும். அந்த ஒவ்வொரு திக்கலும் கடைசியில் போய் இறங்குவது பின் அக்சிலில்.

இங்கே சொல்வது ஏ-சீரிஸ் எஞ்சினோடு (803, 948, 1098 சிசி) வந்த மைனர்களின் அச்சைப் பற்றி. எம்எம் என்ற முதல் மொடலிலும் ஆரம்ப கால 803 வண்டிகளிலும் அச்சு வேறு அமைப்பு, அதைக் கலக்கவில்லை. நம்முடைய அச்சில் நடுவே உருண்டையாகப் புடைத்த கூடு, இரு பக்கமும் குழாய். முன்பக்கமிருந்து டிஃபரென்ஷியல் முழுவதும் ஒரே கட்டியாகக் கழன்று வரும். குழாய்க்குள் பக்கத்துக்கு ஒன்றாக அக்சில் ஷாஃப்ட். அதன் உள் முனையில் ஸ்ப்ளைன் பற்கள் இருக்கும், அவை டிஃபரென்ஷியலின் சைட் கியருக்குள் நுழைந்திருக்கும். வெளி முனையில் தட்டுப் போல ஒரு ஃபிளாஞ்ச், அது சில்லைத் தாங்கும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் அமர்ந்திருக்கும்.

இந்த அமைப்பில் ஒரு நல்ல குணம் உண்டு. ஹப் ஒரு பெயரிங்கில் உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பெயரிங் அச்சுக் குழாயின் வெளிப்புறத்தில் இருக்கிறது, ஒரு பெரிய நட் அதைப் பிடித்திருக்கிறது. ஆகவே ஷாஃப்ட் உடைந்தாலும் சில்லு கழன்று ஓடாது. பிறேக் ட்ரம்மும் ஹப்போடுதான் இருப்பதால் பிறேக்கும் பிடிக்கும். ஆனால் கியரில் போட்டு நிறுத்தினால் வண்டி நிற்காது. சரிவில் அக்சில் உடைந்த வண்டியைக் கியரை நம்பி விட்டுவிட்டு இறங்கினால் அது தன்பாட்டில் உருண்டு போகும். கை பிறேக்கை இழுங்கள், சில்லுக்குக் கல்லும் வையுங்கள்.

கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டியதும் பார்க்க வேண்டியதும்

வண்டி ஓடவே இல்லை என்றால் சோதனை எளிது. முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின் இரண்டையும் தூக்கி, ஸ்டாண்டில் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். செங்கல்லும் வேண்டாம், சீமெந்துக் கல்லும் வேண்டாம், அவை சொல்லாமல் வெடிக்கும். ஸ்டாண்ட் இல்லையென்றால் நல்ல பனங்குற்றி போதும். கியரில் போட்டுவிட்டு ஒரு சில்லைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் இரண்டு ஷாஃப்டும் முழுசாக இருக்கின்றன. மற்றது சுற்றாமல் நின்றால் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது. எது என்று இந்தச் சோதனை சொல்லாது. இடது உடைந்தாலும் வலது உடைந்தாலும் கையில் தெரிவது கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் ஒரு நாள் முழுக்க இதில் மண்டையை உடைத்தேன். இரண்டையும் உருவிப் பார்ப்பதே சுருக்க வழி.

வண்டி ஓடுகிறது, ஆனால் சத்தம் வருகிறது என்றால்தான் காதுக்கு வேலை. ஒரு நல்ல தார் வீதியில், ஜன்னலை இறக்கிவிட்டு, ரேடியோவை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அக்சிலறேற்றரை மிதிக்கும்போது 'ஊ' என்று ஊளையிட்டு, காலை எடுத்ததும் நின்றாலோ மாறினாலோ அது டிஃபரென்ஷியலின் பெரிய பல்சில்லான கிரவுண் வீலும் அதைச் சுழற்றும் சிறிய பல்சில்லான பினியனும் பொருந்தாத சத்தம். காலை எடுத்தாலும், நியூட்ரலில் ஓடவிட்டாலும் அதே கரகரப்புத் தொடர்ந்தால் பெயரிங்கை நினையுங்கள். வலப்பக்கம் வளைக்கும்போது உறுமல் கூடினால் சந்தேகம் இடது ஹப் பெயரிங்கில், ஏனென்றால் பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. நேராகப் போகும்போது அமைதியாக இருந்து, வளைவில் மட்டும் முறுமுறுத்தால் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சில்லுகள். வீதி மாறியதும் சத்தமும் மாறினால் அது ரயர், அச்சைக் குற்றம் சொல்லாதீர்கள்.

இன்னொன்று: மிக மெதுவாகப் போகும்போது 'டிக், டிக்' என்று தாளம் வந்தால் ஒரு பல் போயிருக்கிறது. எந்தப் பல் என்பதை எண்ணியே பிடிக்கலாம். சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு தடவை மட்டும் கேட்டால் கிரவுண் வீலில். நாலைந்து தடவை கேட்டால் பினியனில், 948 வண்டியில் சில்லு ஒரு சுற்றுச் சுற்ற பினியன் நாலரைக்கு மேல் சுற்றுகிறது. ரயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஒருவரைப் பக்கத்தில் நடக்கவிட்டு எண்ணச் சொல்லுங்கள்.

கிளச்சை விடும்போது வரும் 'டங்' சத்தத்துக்கு அச்சைத் திறக்க ஓடாதீர்கள். கியர்பெட்டியிலிருந்து அச்சுக்கு வரும் புரப்பலர் ஷாஃப்டின் யூனிவர்சல் ஜொயின்ற் தேய்ந்தாலும் அதே சத்தம்தான். இலைவில்லை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்தாலும் அதே. முதலில் ஜொயின்ற்றின் இரு பக்கத்தையும் கையால் எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள், துளி ஆட்டம் தெரிந்தாலும் அது போய்விட்டது. யூ போல்ட் நட்களை ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். இவை இரண்டும் நன்றாக இருந்தால் மட்டும் அடுத்ததுக்குப் போகலாம்.

எங்கள் ஊரில் ஒரு மெக்கானிக் ஐயா இருந்தார். காரைத் தொட முன்னர் அச்சின் கீழ் நிலத்தைப் பார்ப்பார். "தம்பி, சத்தத்தைக் கேட்டுக் கழட்டாதை. முதல் எண்ணெயைப் பார்" என்பார். அவர் சொன்னது சரி. அச்சின் ஒயிலை வடித்து, இரு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை போல வந்தால் வயதின் தேய்மானம், பயப்பட ஒன்றுமில்லை. மினுமினுக்கும் பொடி என்றால் பெயரிங் உதிர்கிறது. காந்தத்தில் நகத்துணுக்குப் போலத் துண்டு ஒட்டினால் பல் உடைந்திருக்கிறது. அதன் பிறகு வண்டியை ஒரு அடிகூட ஓட்டக்கூடாது, அந்தத் துண்டு அடுத்த பல்லுக்கு நடுவே போய் மாட்டும்.

அக்சில் ஷாஃப்டை உருவுதல்

இது எளிய வேலை. கை பிறேக்கை விடுவித்து, சில்லைக் கழற்றி, பிறேக் அட்ஜஸ்ரரைத் தளர்த்துங்கள். ட்ரம்மைப் பிடித்திருக்கும் தலை பதிந்த இரண்டு ஸ்குரூக்களைக் கழற்றினால் ட்ரம் வரும். வராவிட்டால் சுற்றிவர மரச் சுத்தியலால் தட்டுங்கள். உள்ளே ஷாஃப்டின் ஃபிளாஞ்சைப் பிடித்திருப்பதும் தலை பதிந்த ஒரு ஸ்குரூதான். அறுபது வருடத் துரு அதில் இருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஸ்குரூ டிரைவரைத் தலையில் சரியாகப் பதித்து, அதன் பின்னால் சுத்தியலால் ஒரு அடி கொடுத்துவிட்டுத் திருப்புங்கள். தலை நசிந்துவிட்டால் துளைத்துத்தான் எடுக்க வேண்டி வரும்.

பிறகு ஃபிளாஞ்சைப் பிடித்து நேராக இழுத்தால் ஷாஃப்ட் வரும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்குரூ டிரைவர் நுனியால் விளிம்பை மெல்லக் கிளப்பலாம். கடதாசிக் கஸ்கட் கிழியும், அது எப்படியும் புதிதாகப் போட வேண்டியது. கழற்றும் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் ஒயில் மறுபக்கம் ஓடிவிடும், பிறேக் லைனரில் ஊற்றாது.

முழுசாக வந்தால் அடுத்த பக்கம். அரைகுறையாக வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

உள்ளே தங்கிய துண்டு

ஸ்ப்ளைன் முனை உடைந்து சைட் கியருக்குள்ளேயே இருந்துவிட்டால் அதை வெளியே எடுத்தே ஆக வேண்டும். மறுபக்கத்தாலே நீளக் கம்பி விட்டுத் தள்ளிவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. முடியாது. டிஃபரென்ஷியலின் நடுவே சின்னப் பல்சில்லுகளைத் தாங்கும் ஊசி குறுக்கே நிற்கிறது.

பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை இரும்புக் கம்பி நுனியில் கட்டி, அச்சுக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தோம். காந்தம் போகிற வழியெல்லாம் குழாயிலேயே ஒட்டிக்கொண்டது. பிறகு சித்தப்பா ஒரு பிவிசி குழாயை வெட்டி வந்தார். காந்தத்தை அதன் உள்ளே ஒளித்துக் கொண்டுபோய், துண்டின் அருகே மட்டும் வெளியே நீட்டினோம். மூன்றாவது தடவையில் 'டப்' என்று பிடித்தது. சிறிய சக்திமிக்க காந்தம் இப்போது கடைகளில் கிடைக்கிறது, இந்தப் பாடு தேவையில்லை. ஆனால் குழாய் யோசனை இப்போதும் உதவும். எதற்கும் வராவிட்டால் டிஃபரென்ஷியலைக் கழற்றத்தான் வேண்டும்.

துண்டுகளை இரண்டையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பொருத்திப் பாருங்கள். நடுவே சிறு துணுக்கு விடுபட்டிருந்தால் அது இன்னும் உள்ளே இருக்கிறது.

எங்கே உடைந்தது என்று பாருங்கள்

இந்த வேலையில் அதிகம் பேர் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். புதிய ஷாஃப்டைப் போட்டு ஓடவிடுவார்கள், ஒரு வருடத்தில் திரும்பவும் உடையும், "பஞ்சிகாவத்தைச் சாமான் சரியில்லை" என்று கொழும்பின் பழைய சாமான் கடைகள் மேல் பழி போடுவார்கள்.

உள் முனையில், ஸ்ப்ளைன் தொடங்குகிற இடத்தில் உடைந்திருந்தால் காரணம் முறுக்கு. ஷாஃப்ட் தாங்குவதைவிடக் கூடிய விசை வந்திருக்கிறது, அல்லது பல வருடம் முறுக்கி முறுக்கிக் களைத்திருக்கிறது. உடைந்த முகம் முழுவதும் புதிய சாம்பல் நிறமாக, மணல் போல இருந்தால் ஒரே அடியில் போனது. ஒரு பகுதி கறுத்தோ துருப்பிடித்தோ இருந்து, மிச்சம் மட்டும் பளிச்சென்று இருந்தால் வெடிப்பு எப்போதோ தொடங்கிவிட்டது, கடைசி நாள்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்னுடையதில் முக்கால் பங்கு கறுப்பு. வாழைக்குலை மேல் பழி போட்ட எனக்கு அதைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

வெளி முனையில், ஃபிளாஞ்சுக்குப் பக்கத்தில் உடைந்திருந்தால் கதை வேறு. அது வளைவால் உடைந்தது. ஹப் நேராக இல்லாமல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஷாஃப்டை ஒரு முறை வளைத்திருக்கிறது. காரணம் தேய்ந்த பெயரிங், தளர்ந்த ஹப் நட், அல்லது பாரம் ஏற்றி வளைந்த அச்சுக் கூடு. இதைத் திருத்தாமல் புதிய ஷாஃப்ட் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்க்கிற வேலை.

இதை நான் கற்றுக்கொண்டது செலவழித்துத்தான். முதல் உடைவு உள் முனையில். புதிய ஷாஃப்ட் போட்டபோது பக்கத்தில் ஒயில் கசிந்தது. கசிவை நிறுத்த நானே கடதாசிக் கஸ்கட்டை இரண்டாக வைத்து இறுக்கினேன். கசிவு நின்றது. எனக்குப் பெருமை. இரண்டு வருடத்தில் அதே பக்கம், இம்முறை ஃபிளாஞ்சுக்கு அருகே உடைந்தது. ஏன் என்பதைப் பொருத்துகிற இடத்தில் சொல்கிறேன்.

ஒன்று உடைந்தால் மற்றதையும் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஸ்ப்ளைன் பற்களின் வரிசையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். வரி நேராக ஓடாமல் கயிறு போலச் சற்றே முறுகியிருந்தால் அதற்கும் நாள் குறித்தாயிற்று. இரண்டும் ஒரே வயது, ஒரே பாரம் சுமந்தவை.

ஷாஃப்ட் வாங்குதல்

உடைந்ததை வெல்ட் பண்ணிப் பற்றவைக்க வேண்டாம். வேறு வழியில்லாத காலத்தில் அக்சிலைப் பற்றவைத்து ஓடியவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததையும் தெரியும். இந்த இரும்பு சூடாக்கி ஆறவைத்துப் பதப்படுத்தியது. பற்றவைத்த இடத்தில் அந்தப் பதம் போய்விடும்.

கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமான் கிடைக்கும், பிரிட்டனிலிருந்து புதிதும் தருவிக்கலாம். பழையது வாங்கினால் பழைய ஷாஃப்டைக் கையோடு கொண்டு போய் நீளத்தையும் ஸ்ப்ளைன் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். முறுகிய வரி இருக்கிறதா என்று பாருங்கள். தரையில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். ஸ்ப்ளைன் பக்கம் பளபளவென்று கிரீஸ் பூசி வைத்திருந்தால் துடைத்துவிட்டே பாருங்கள்.

ஜப்பான் எஞ்சின் இறக்கிய மைனர் என்றால் ஒரு வார்த்தை. இந்த அச்சு ஒரு லீற்றர் அளவு எஞ்சினின் இழுவைக்குச் செய்தது. பெரிய எஞ்சினைப் போட்டுவிட்டுக் கிளச்சைப் பட்டென்று விட்டால் எந்த ஷாஃப்டும் நிற்காது. பலமான ஷாஃப்ட் போடுங்கள், அல்லது பாதத்தை மென்மையாக்குங்கள்.

ஹப், பெயரிங், அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம்

சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தாலோ, பிறேக் ட்ரம்முக்குள் ஒயில் வந்திருந்தாலோ ஹப்பையும் கழற்றுங்கள். மடிப்பு வாஷரின் காதை நிமிர்த்திவிட்டுப் பெரிய நட்டைத் திருப்ப வேண்டும். இங்கே கவனம்: வண்டியின் இடது பக்க நட் இடப்புரி. அதாவது வலப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நாலு அடி இரும்புக் குழாயைப் போட்டு எதிர்ப்பக்கம் இழுத்து அச்சுக் குழாயின் புரியையே நாசமாக்கிய வண்டிகள் உண்டு. நட் வந்ததும் ஹப்பைப் புல்லர் போட்டு இழுங்கள், பெயரிங்கும் சீலும் அதோடு வரும்.

புதிய சீலைப் போடும்போது அதன் உதட்டில் கொஞ்சம் ஒயில் தடவுங்கள். பெயரிங்கை அழுத்தும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்துங்கள், உள் வளையத்தில் தட்டினால் புதிய பெயரிங் அன்றே பழையதாகிவிடும்.

இனி அந்த விஷயம். பெயரிங் ஹப்புக்குள் முழுதாக அமர்ந்த பிறகு, கடதாசிக் கஸ்கட்டை ஹப் முகத்தில் வைத்துப் பாருங்கள். பெயரிங்கின் வெளி முகம் கஸ்கட்டைவிட 0.001 முதல் 0.004 அங்குலம் வரை, மில்லிமீற்றரில் சொன்னால் 0.025 முதல் 0.1 வரை, வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு நேரான உருக்குச் சட்டத்தைப் பெயரிங் மேல் குறுக்கே வைத்து, சட்டத்துக்கும் கஸ்கட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் இதழை விட்டால் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் ஷாஃப்டின் ஃபிளாஞ்சை இறுக்கும்போது அது முதலில் பெயரிங்கில் முட்டி அதை ஹப்புக்குள் அழுத்திப் பிடிப்பது இந்த அளவால்தான்.

நான் கஸ்கட்டை இரண்டாக வைத்தபோது நடந்தது இதுதான். பெயரிங் உள்ளே தாழ்ந்துபோய், ஃபிளாஞ்ச் கஸ்கட்டை மட்டும் அழுத்தியது. பெயரிங் ஹப்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அசைய, ஹப் சாய, ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்தது. கழற்றியபோது ஹப்பின் உள் சுவரில் செம்மண் போலத் துருப்பொடி, பெயரிங் கையாலேயே வெளியே வந்தது.

பெயரிங் தாழ்ந்திருந்தால் மெல்லிய கஸ்கட் போடுங்கள், அல்லது பெயரிங் முகத்தில் பொருத்தமான மெல்லிய ஷிம் வளையம் வையுங்கள். கூடத் துருத்தினால் மட்டுமே இரண்டாவது கஸ்கட்டுக்கு இடம். சில வண்டிகளில் கஸ்கட்டோடு ரப்பர் ஓ-வளையமும் இருக்கும், அதையும் புதிதாகப் போடுங்கள். ஒயில் கசிவுக்குக் காரணம் பல தடவை அச்சில் ஒயிலைக் கூட நிரப்பியதுதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஷாஃப்டை உள்ளே விடும்போது ஸ்ப்ளைன் முட்டினால் அடிக்காதீர்கள். ஃபிளாஞ்சை மெல்லத் திருப்பினால் பல் பல்லுக்குள் விழும்.

டிஃபரென்ஷியலைத் திறக்க வேண்டி வந்தால்

பல் உடைந்தாலோ, ஊளைச் சத்தம் பொறுக்க முடியாவிட்டாலோதான் இந்தப் பகுதி. இரண்டு ஷாஃப்டையும் சில அங்குலம் வெளியே இழுத்து விடுங்கள். புரப்பலர் ஷாஃப்டின் ஃபிளாஞ்சையும் பினியன் ஃபிளாஞ்சையும் சேர்த்து உளியால் ஒரு சிறு அடையாளம் போட்ட பிறகே பிரியுங்கள். அதே இடத்தில் திரும்பப் பூட்டாவிட்டால் அதிர்வு வரலாம். ஒயிலை வடித்து, கூட்டின் முன்பக்கச் சுற்று நட்களைக் கழற்றினால் டிஃபரென்ஷியல் முன்னால் வரும். கனமான சாமான், படுத்துக்கொண்டு தனியே எடுக்க வேண்டாம்.

மேசையில் வைத்த பிறகு முதலில் கண்ணால் பாருங்கள். பல் முகத்தில் தேய்மானம் ஒரே சீராக இருக்கிறதா, ஒரு முனையில் மட்டும் மினுங்குகிறதா, குழி விழுந்திருக்கிறதா? பிறகு பெயரிங் மூடிகளைக் கழற்றும் முன் இடது வலது அடையாளம் போடுங்கள். ஷிம்களையும் அந்தந்தப் பக்கத்தோடு கட்டி வையுங்கள். அவை கலந்தால் வேலை இரட்டிப்பு.

'டங்' சத்தம் மட்டும்தான் குறை என்றால் சின்னப் பல்சில்லுகளுக்கும் சைட் கியருக்கும் பின்னால் இருக்கும் தேய்வு வாஷர்களை மாற்றினால் பெரும்பாலும் போதும். கிரவுண் வீலைக் கழற்றி, நடு ஊசியைப் பூட்டியிருக்கும் சிறு ஆணியைத் தட்டி எடுத்தால் எல்லாம் பிரியும். மலிவான சாமான், வித்தியாசம் காலில் தெரியும்.

கிரவுண் வீலும் பினியனும் ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தேய்த்து உருவாக்கிய சோடி. ஒரு வண்டியின் கிரவுணையும் இன்னொன்றின் பினியனையும் சேர்த்தால் ஊளை நிச்சயம். இரண்டிலும் பொறித்த இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே விட வேண்டிய ஆட்டத்தின் அளவும் கிரவுண் வீலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அதை டயல் கேஜ் வைத்து அளந்து ஷிம் மாற்றிப் பொருத்த வேண்டும். பினியன் நட்டின் இறுக்கம் 140 அடி-இறாத்தல். நேர்மையாகச் சொன்னால் இது வீட்டு முற்றத்தில் செய்கிற வேலை அல்ல. டயல் கேஜும் அனுபவமும் உள்ளவரிடம் கொடுங்கள், அல்லது நல்ல நிலையிலுள்ள முழு டிஃபரென்ஷியல் ஒன்றைத் தேடி மாற்றுங்கள். இரண்டாவதுதான் பணத்துக்கும் நல்லது என்பது என் எண்ணம்.

அப்படி மாற்றும்போது விகிதத்தைக் கவனியுங்கள். பிந்திய 803 சிசி வண்டிகளில் 8 பல் பினியனுக்கு 43 பல் கிரவுண், அதாவது 5.375. 948இல் 9க்கு 41, அதாவது 4.55. 1962இல் வந்த 1098இல் 9க்கு 38, அதாவது 4.22. இவை மூன்றும் ஒன்றின் இடத்தில் மற்றது அமரும். 948 எஞ்சினுக்கு 4.22 போட்டால் அதே வேகத்தில் எஞ்சின் சுமார் 7 சதவீதம் குறைவாகச் சுற்றும். ஏ-9 வீதியில் சுகமாக இருக்கும். ஆனால் மலையகம் ஏறுகிறவர்களும் பாரம் ஏற்றுகிறவர்களும் 4.55ஐ விடாதீர்கள். மாற்றினால் ஸ்பீடோமீற்றர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒயிலும் முதல் ஓட்டமும்

அச்சுக்கு இபி 90 ஹைப்பொயிட் ஒயில், ஒன்றரைப் பைந்து, லீற்றரில் சுமார் 0.85. சமதரையில் நிறுத்தி, நிரப்பு துளையின் விளிம்பால் கசியத் தொடங்கும் வரை ஊற்றி, மிச்சம் வடிந்து நின்ற பிறகு மூடியைப் பூட்டுங்கள். மைனரின் கியர்பெட்டிக்கு எஞ்சின் ஒயில்தான், அதே கையோடு இந்த 90ஐ அங்கே ஊற்றிவிடாதீர்கள்.

முதலில் ஐந்து கிலோமீற்றர், மெதுவாக. இறங்கி இரண்டு ஹப்பையும் டிஃபரென்ஷியல் கூட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். இதமான சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ இறுகியிருக்கிறது. ட்ரம்மின் பின்னால் புதிய ஈரம் இருக்கிறதா பாருங்கள். பல்சில்லுகளை மாற்றியிருந்தால் நூறு கிலோமீற்றருக்குப் பிறகு ஒயிலை வடித்துக் காந்தத்தை ஒரு தடவை விட்டுப் பாருங்கள்.

கழற்றிய நல்ல பழைய ஷாஃப்டை எறியாதீர்கள். எங்களுடையது கிரீஸ் பூசி, சாக்குத் துணியில் சுற்றி, டிக்கியில் ஸ்பெயார் சில்லுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதோடு ஒரு கஸ்கட், ஒரு நல்ல ஸ்குரூ டிரைவர், பிவிசி குழாயோடு அந்தக் காந்தமும். போன வருடம் கொடிகாமத்தில் வழியில் நின்ற இன்னொரு மைனர்காரருக்கு அந்த ஷாஃப்டைக் கொடுத்து அனுப்பினேன். இன்னும் திருப்பித் தரவில்லை.